பிஞ்சு விரல்களின் முதல் பந்தி: இதெல்லாம் தெரியுமா?

ஆறு மாதக் குழந்தை தட்டிலிருக்கும் இட்லித் துண்டைப் பிடித்து நேராக வாய்க்குக் கொண்டுபோகிறதே, அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அம்மாவா, பாட்டியா? யாருமே இல்லை! அந்த ஒத்திகை கருவறையிலேயே தொடங்கிவிடுகிறது, தெரியுமா? இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கருவிலிருந்த 24 முதல் 36 வாரச் சிசுக்களை ஸ்கேனில் கவனித்தார்கள். முதலில் கைகள் தலையையும் முகத்தின் மேல்பகுதியையும்தான் அதிகம் தொட்டன. வாரங்கள் ஏற ஏற, வாயருகே வரத் தொடங்கின. அதைவிட ஆச்சரியம் என்ன தெரியுமா? கை வந்து சேரும் முன்பே வாய் திறந்து காத்திருந்தது!

பிறந்த குழந்தையின் இரண்டு உள்ளங்கைகளையும் மெதுவாக அழுத்தினால் வாய் தானாகத் திறக்கும். இதற்கு மருத்துவத்தில் பாப்கின் அனிச்சை என்று பெயர். கைக்கும் வாய்க்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது!

சுவை அறிவதும் உள்ளே இருக்கும்போதே! 2022-இல் அதே டர்ஹாம் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பிணிகள் சிலர் கேரட் தூள் அடைத்த மாத்திரையும், வேறு சிலர் கேல் என்னும் கசப்புக் கீரைத் தூள் அடைத்த மாத்திரையும் விழுங்கினார்கள். சிறிது நேரத்தில் ஸ்கேன். கேரட் குழுவின் சிசுக்களிடம் சிரிப்பைப் போன்ற முகபாவம், கேல் குழுவினரிடம் அழுகையைப் போன்ற முகச்சுளிப்பு!

இப்போது கைக்கு வருவோம். ஐந்தாறு மாதத்தில் குழந்தை முழு உள்ளங்கையாலும் பொத்திப் பிடிக்கும். பொத்திய கைக்குள் இருப்பதை எடுத்துத் தின்ன அதற்குத் தெரியாது. அதனால்தான் அந்த வயதில் உணவைப் பெரியவர்களின் விரல் நீளத்துக்கு வெட்டித் தர வேண்டும். பாதி முட்டிக்குள், பாதி வெளியே. ஏறக்குறைய 9 மாதத்தில்தான் அந்த அற்புதம் நடக்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியோடு நுனி சேர்கின்றன! வேகவைத்து நசுக்கிய ஒரு பட்டாணியைக்கூடக் குழந்தை அப்போது எடுத்துவிடும். பின்னாளில் சாம்பார் சாதத்தில் கறிவேப்பிலையை ஒதுக்கப்போவதும் அதே இரண்டு விரல்கள்தான். தரையில் கிடக்கும் பொத்தானையும் பட்டன் பேட்டரியையும் பொறுக்குவதும் அவையே என்பதால், அந்த மாதத்திலிருந்து வீட்டைத் தினமும் ஒரு முறை தவழும் உயரத்திலிருந்து பார்த்துவிடுங்கள்.

"பல்லே இல்லையே, எப்படி மெல்லும்?" ஈறு இருக்கிறதே! அரைக்கும் கடைவாய்ப் பற்கள் முதல் பிறந்தநாளுக்குப் பிறகுதான் பொதுவாக முளைக்கின்றன. முன்பல் இரண்டு வந்த குழந்தையும் மெல்லுவது ஈறால்தான். உங்கள் இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினால் நசுங்குகிறதா? அப்படியானால் அந்த ஈறுக்கும் நசுங்கும். ஆவியில் வெந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மஞ்சள் பூசணி, கனிந்த நேந்திரம்பழம், வெந்த முட்டை, முள் நீக்கிய மீன் எல்லாமே இந்தத் தேர்வில் தேறும்.

குழந்தையிடமே சாப்பாட்டை விட்டால் என்ன ஆகும் என்று ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் சோதித்துப் பார்த்தார், தெரியுமா? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கிளாரா டேவிஸ்! முதல் அறிக்கை 1928-இல் வந்தது. பால் மறந்துகொண்டிருந்த மூன்று குழந்தைகளில் தொடங்கி, பிறகு 15 குழந்தைகள் வரை தொடர்ந்தார். மொத்தம் 34 உணவுகள்: காய், பழம், தானியம், முட்டை, இறைச்சி, ஈரல், எலும்பு மஜ்ஜை, பால். உப்பு தனிக் கிண்ணத்தில். குழந்தை கை நீட்டினால் மட்டுமே செவிலியர் கரண்டியில் எடுக்கலாம், வாய் திறந்தால் மட்டுமே கொடுக்கலாம். விரலால் அள்ளித் தின்றாலும் ஒரு வார்த்தை பேசக்கூடாது! குழந்தைகளோ ஆரஞ்சுச் சாறும் ஈரலுமாகக் காலை உணவு, பல முட்டைகளும் வாழைப்பழமும் பாலுமாக இரவு உணவு என்று விசித்திரமாகத் தின்றார்கள். ஆனாலும் நன்றாக வளர்ந்தார்கள்! எலும்பு வளைநோயோடு வந்த ஒரு குழந்தை, பக்கத்தில் வைத்திருந்த மீன் எண்ணெயைத் தானாகக் குடித்து வந்தது. நோய் குணமான பின் அதைத் தொடவில்லை! இன்றைக்கு இப்படியொரு சோதனையை எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காது, அதுவே சரி. டேவிஸ் அம்மையாரே ரகசியத்தையும் சொல்லிவிட்டார்: அந்தப் பட்டியலில் சர்க்கரையோ தீட்டிய மாவோ இல்லை. எதை வைப்பது என்பது பெரியவர் பொறுப்பு, எவ்வளவு தின்பது என்பது குழந்தையின் உரிமை. என் கட்சியும் இதுதான்.

சரி, முகமெல்லாம் பூசிக்கொள்கிறதே? பூசட்டும்! அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 2013-இல் 16 மாதக் குழந்தைகளுக்குக் கூழும் சாறுமாகப் பல நெகிழ்ந்த பொருள்களைக் காட்டிப் புதுப்பெயர் கற்பித்தது. சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்து, தொட்டு, பிசைந்து, வீசி விளையாடிய குழந்தைகள் அந்தப் பெயர்களை மேலும் நன்றாகக் கற்றுக்கொண்டன!

இன்னொன்று கேளுங்கள். இஸ்ரேலில் குழந்தைகள் கையில் பிடித்துத் தின்னும் பாம்பா என்ற நிலக்கடலைத் தின்பண்டம் உண்டு. அங்கே நிலக்கடலை ஒவ்வாமை குறைவு. பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளிடமோ அது ஏறக்குறைய பத்து மடங்கு! ஏன்? சீக்கிரமே தின்பதுதான் காரணமா என்று அறிய, லண்டனில் ஆய்வாளர் கிடியன் லாக் குழுவினர் ஒவ்வாமை ஆபத்து மிகுந்த 640 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் நிலக்கடலை உணவு கொடுத்து 5 வயது வரை தொடர்ந்தார்கள். 2015-இல் முடிவு வந்தது: தின்றவர்களிடம் ஒவ்வாமை ஏறத்தாழ 80 சதவீதம் குறைவு! கவனம், முழுக் கடலை அல்ல. நன்றாக அரைத்துக் கூழில் கலந்துதான் தர வேண்டும். கடுமையான தோல் கரப்பான் உள்ள குழந்தை என்றால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

எல்லோருக்கும் உள்ள பயத்துக்கு வருகிறேன். குழந்தை ஓங்கரிப்பதும் மூச்சடைப்பதும் ஒன்றல்ல! ஓங்கரிப்பைத் தூண்டும் இடம் கைக்குழந்தைக்கு நாக்கின் முன்பக்கமாகவே இருக்கிறது, வளர வளரப் பின்னால் போகிறது. அது காவல். முகம் சிவந்து, இருமி, சத்தத்தோடு வெளியே தள்ளும். மூச்சடைப்பு சத்தமே இல்லாமல் வரும், உதடு நீலமாகும். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகம் 206 குழந்தைகளைக் கவனித்து 2016-இல் சொன்னது: பாதுகாப்பு யோசனைகளைக் கேட்டுக்கொண்டு, குழந்தையையே எடுத்துத் தின்ன விட்ட வீடுகளில் மூச்சடைப்பு கூடவில்லை. ஆனால் ஆபத்தான உணவு இரு தரப்பிலும் குழந்தைகளின் கைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது!

எனவே முழுத் திராட்சை, முழுக் கடலை, பொரி, முறுக்கு, பச்சைக் கேரட் ஆகியவை வேண்டவே வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, அதில் பொட்டுலினம் கிருமியின் வித்து இருக்கலாம். ஆறு மாதத்தில் உடலின் இரும்புச் சேமிப்பு கரையத் தொடங்குவதால் பருப்பு, முட்டை, மீன், இறைச்சியில் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். இன்று துப்பியதை நாளையும் வையுங்கள். எட்டுப் பத்து முறை ருசித்த பிறகே பல குழந்தைகளுக்குப் புதுச்சுவை பிடிக்கிறது. தாய்ப்பாலோ இரண்டு வயதுக்கு மேலும் தொடரலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நிமிர்ந்து உட்காரும் குழந்தைக்கு மட்டும் கொடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மூச்சடைத்தால் தலை தாழக் குப்புறப் பிடித்து முதுகின் நடுவே 5 தட்டு, திருப்பி நெஞ்சின் நடுவே 5 அழுத்தம், வெளியே வரும்வரை மாறி மாறி. வாய்க்குள் பார்க்காமல் விரலை விடாதீர்கள், உள்ளே தள்ளிவிடும். இன்னொருவர் உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்கட்டும். முதல் இட்லித் துண்டைத் தட்டில் வைக்கும் முன்பே ஒரு செவிலியரிடமோ மருத்துவரிடமோ இதைச் செய்து காட்டச் சொல்லிப் பழகுங்கள். வீட்டிலுள்ள தாத்தா பாட்டிக்கும் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள்.