கதவு சாத்தவில்லை... கயிறு கட்டி ஊர்வலம்!
மாப்பிள்ளை காரில் இருந்து சரிந்த சிறுவன், மயிரிழையில் தப்பினான்

வேங்கிக்கால்:

மாப்பிள்ளை காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நாதஸ்வரம் முழங்குகிறது. ஜெனரேட்டர் வண்டி பின்னால் உறுமுகிறது. பெண் வீட்டார் ஆரத்தித் தட்டுடன் காத்திருக்கிறார்கள். ஆனால் காரின் இடது பக்கக் கதவு மட்டும் சாத்தவில்லை!

டிரைவர் இழுத்துச் சாத்தினார். திறந்துகொண்டது. தோளால் ஓர் இடி இடித்தார். 'டக்' என்று சத்தம் கேட்டது. சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஊர்வலம் கிளம்பியது.

வேலூர் ரோட்டில் இருந்து உள்தெருவுக்கு வளையும்போது அந்தக் கதவு படாரெனத் திறந்தது. முன் சீட்டில் மாப்பிள்ளைத் தோழனாக உட்கார்ந்திருந்த ஆறு வயதுச் சிறுவன் அப்படியே வெளியே சரிந்தான். டிரைவர் ஒரு கையால் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார். கார் நடை வேகத்தில் போனதால் பிழைத்தான். பையனுக்குக் கீறல் கூட இல்லை. அவன் தாயார்தான் தெருவிலேயே மயங்கி விழுந்தார்.

பிறகு என்ன? பந்தல்காரரிடம் ஒரு கயிறு வாங்கி, கதவை ஸ்டியரிங் கம்பியோடு இழுத்துக் கட்டி ஊர்வலத்தை முடித்தார்கள். ஜரிகைத் துணி போட்டுக் கயிற்றை மறைத்தார்களாம்!

அந்தக் கார் இப்போது வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குச் சற்றுத் தள்ளி உள்ள ஒரு டிங்கர் பட்டறையில் நிற்கிறது. அங்கே போய் விசாரித்தோம்.

வண்டி எது?

அது ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நமது ஊர்க் கார்! இங்கிலாந்தில் 1959-ல் 'டிரையம்ப் ஹெரால்டு' என்று வந்த வண்டியை, 1961-ல் இருந்து சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரித்தது. வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை இருந்தது. முதலில் இரண்டு கதவு. 1960-களின் கடைசியில் நான்கு கதவு வைத்தும் செய்தார்கள். இதன் உருவத்தை வரைந்தவர் மிக்கலாட்டி என்ற இத்தாலிக்காரர்.

மற்றக் கார்களுக்கு இல்லாத ஒரு விசேஷம் இதற்கு உண்டு. அடியில் தனி சேஸ். அதன் மேல் உடம்பைத் துண்டு துண்டாக வைத்து போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். தகரக் கூரையும் போல்ட்டில்தான் நிற்கிறது. கழற்றினால் கையோடு வந்துவிடும். அதனால்தான் கல்யாண ஊர்வலத்துக்குத் 'திறந்த கார்' வேண்டும் என்று பலர் ஹெரால்டின் கூரையைக் கழற்றித் துணிக் கூரை மாட்டினார்கள்.

இந்த வண்டியும் அப்படித்தான். இப்போதைய சொந்தக்காரர் வாங்கும்போதே கூரை கிடையாது. முகூர்த்த நாட்களில் இந்தக் காரை நம்பித்தான் அவர் குடும்பம் ஓடுகிறது.

முதல் பட்டறை செய்த வேலை

கதவு தகராறு புதிதல்ல. ஆறு மாதம் முன்பே தொடங்கிவிட்டது. வேறொரு பட்டறைக்குப் போனார். அங்கே கீலுக்கு அடியில் வாஷர் கொடுத்தார்கள். கதவின் விளிம்பைச் சுத்தியலால் தட்டினார்கள். கொண்டி மாட்டும் இரும்பை வெளியே தள்ளி வைத்தார்கள். பட்டி பார்த்துப் பெயிண்டும் அடித்து, ஏழாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

பத்து நாள் ஒழுங்காகச் சாத்தியது. பதினோராம் நாள் பழைய குருடி, கதவைத் திறடி!

"கதவு பண்ணாத தப்புக்குக் கதவை அடிச்சிருக்கானுங்க தம்பி" என்கிறார் இப்போது வேலை பார்க்கும் டிங்கர் மேஸ்திரி. வயது எழுபதை நெருங்குகிறது. பதினாலு வயதில் சுத்தியல் பிடித்தவர். "வீட்டுல நிலை சாஞ்சா கதவு மாட்டுமா? கதவைச் சீவிக்கினே இருந்தா கடைசியில கதவே இருக்காது. நிலையை நிமிர்த்தணும். காரும் அதே கதைதான்."

நூல் பிடித்தார் மேஸ்திரி

முதல் நாள் அவர் ஸ்பேனரையே தொடவில்லை. நாலு டயருக்கும் சமமாகக் காற்று அடித்தார். சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்தினார். ஜாக்கி போடவில்லை. "வண்டி தன் பாரத்தைத் தன் கால்ல தாங்கி நிக்கணும். தூக்கி வச்சுப் பார்த்தா கதவு பொய் சொல்லும்" என்றார்.

பிறகு ஒரு கம்பியை எடுத்துக் கதவு வாசலின் குறுக்கே மூலைக்கு மூலை வைத்து அளந்தார். வலது வாசல், இடது வாசல் இரண்டையும் ஒப்பிட்டார். இடது வாசலின் மேல் வாய் இரண்டு நூல் குறுகியிருந்தது. நூல் என்பது பட்டறைக் கணக்கு. எட்டு நூல் ஓர் அங்குலம். அதாவது கால் அங்குலம் காணோம்!

காரணத்தை அவரே விளக்கினார். கார் என்பது முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டுக்கும் நடுவே போட்ட பாலம் மாதிரி. கூரை இருந்தால் அதுவும் சேர்ந்து பாரத்தைத் தாங்கும். கூரை போய்விட்டால் முழுப் பாரமும் சேஸ் மேல். சேஸிலிருந்து இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் கைகள்தான் உடம்பின் ஓரத்தைத் தாங்குகின்றன. மழையில் நிறுத்தி, சேறு ஏறி, அந்தக் கைகள் துருப்பிடித்தால் நடுப்பாகம் தொங்கிவிடும். நடு தொங்கினால் கதவு வாசலின் மேல் வாய் குறுகும். கீழ் வாய் விரியும். கதவு மேலே இடிக்கும். கொண்டி பாதிதான் பிடிக்கும். ஆட்கள் ஏறி உட்கார்ந்து வளைவில் திரும்பும்போது உடம்பு இன்னும் முறுக்கும். பாதி பிடித்த கொண்டி நழுவிவிடும்.

சிறுவன் சரிந்தது இதனால்தான்!

அடியில் படுத்துப் பார்த்தோம். இடது பக்கக் கை ஒன்றை மேஸ்திரி ஸ்குரூ டிரைவரால் குத்தினார். பிஸ்கட் போல உதிர்ந்தது. மேலே பளபளவென்று புது பெயிண்ட். அடியில் வெறும் துரு!

ஐந்து நாள் வேலை

பேட்டரியைக் கழற்றி, டேங்கில் இருந்த பெட்ரோலையும் இறக்கிவிட்டுத்தான் வெல்டிங் தொடங்கியது. கதவு வாசலின் குறுக்கே ஓர் இரும்புக் கம்பியைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்தார்கள். அது இல்லாமல் அழுகிய கையை வெட்டினால் வாசலே மடிந்துவிடுமாம். புதுத் தகட்டில் கை செய்து பற்ற வைத்தார்கள்.

அடுத்து, உடம்பையும் சேஸையும் இணைக்கும் போல்ட்டுகளை அந்தப் பக்கம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். பலகை வைத்து ஜாக்கியால் நடுப்பாகத்தை மெல்லத் தூக்கினார். இடைவெளியில் பேக்கிங் தகடு செருகி முடுக்கினார். வண்டியை இறக்கி, நாலு பேரை ஏற்றிக் குலுக்கி, மறுபடி கம்பியால் அளந்தார். மூன்று தடவை இப்படி. இரண்டு வாசலும் ஒன்றுபோல் ஆன பிறகுதான் கதவுக்கே வந்தார்.

"முதல்ல கொண்டி இரும்பைக் கழட்டிப் போட்டுடணும். அது இருந்தா கதவைத் தன் பக்கம் இழுத்துக்கும். கீல் பண்ற தப்பு தெரியாது" என்றார். கதவின் நுனியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். ஆடியது. கீலில் இருந்த பின் தேய்ந்திருந்தது. லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்து வந்தது. பின்பக்க உடம்போடு கதவின் கோடு சேர்ந்ததும், கடைசியாகக் கொண்டி இரும்பை அதன் இடத்தில் வைத்தார்.

கதவைச் சுற்றி இப்போது ஒரே சீராக ஒன்றரை நூல் சந்து. ஒரு விரலால் தள்ளினார். 'டொக்!' அவ்வளவுதான் சத்தம்.

முக்கோணக் கண்ணாடி

வேலை முடிந்தது என்று நினைத்தோம். "இனிமேதான் தம்பி இருக்குது" என்று சிரித்தார் மேஸ்திரி.

கதவின் முன் மூலையில் திருப்பினால் காற்று வரும் முக்கோணக் கண்ணாடி ஒன்று இருக்கும். அம்பாசடர், பியட் கார்களில் போனவர்களுக்குத் தெரியும். திறந்த காரில் அதைத் தாங்க மேலே சட்டம் கிடையாது. கதவின் மேல் ஒற்றையாய் நிற்கும். அதன் பின்பக்கக் கம்பியிலேதான் பெரிய கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளம் இருக்கிறது. முக்கோணம் பின்னால் சாய்ந்தால் பெரிய கண்ணாடி இறுகிவிடும். வெளியே சாய்ந்தால் மழைத் தண்ணீர் மடியில் விழும்.

துணிக் கூரையை முழுக்க இழுத்து மாட்டினார். கதவின் உள் அட்டையைக் கழற்றி, முக்கோணச் சட்டத்தின் கால் போல்ட்டைத் தளர்த்தினார். முன் கண்ணாடித் தூணுக்கு இணையாகச் சட்டத்தை நிறுத்தினார். ரப்பர் பீடிங்கில் சாக்பீஸைத் தேய்த்துக் கதவைச் சாத்தித் திறந்தார். வெள்ளைக் கோடு எங்கே விழவில்லையோ அங்கே பிடிப்பு இல்லை என்று அர்த்தம். கோடு அறுபடாமல் விழும்வரை விடவில்லை. அதற்கே ஒரு பகல் போனது.

சட்டம் என்ன சொல்கிறது?

பழைய கார் வைத்திருப்போர் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது.

2021-ல் மத்திய அரசு ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 'விண்டேஜ்' பதிவு கொண்டுவந்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருடம் செல்லும். ஆனால் வண்டி பழைய வடிவிலேயே இருக்க வேண்டும். சேசிலோ உடம்பிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்திருக்கக் கூடாது. வியாபாரத்துக்கு ஓட்டவும் முடியாது. கூரையைக் கழற்றிய ஹெரால்டுக்கு அந்த வாசல் திறப்பது கஷ்டம்!

சொந்த உபயோகத்துக்குப் பதிவான காரை வாடகைக்கு விடவும் சட்டத்தில் இடமில்லை. அதற்குப் பர்மிட் தேவை. பர்மிட் இல்லாமல் ஓட்டி ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கலாம். இதைச் சொன்னபோது சொந்தக்காரர் தலைகுனிந்தார். "பெட்ரோல் காசுன்னு சொல்லித்தான் சார் வாங்குறேன். ஆனா அன்னைக்கு அந்தப் பையன் விழுந்திருந்தா எந்தக் காசு சார் காப்பாத்தும்? மூணு ராத்திரி தூக்கமே இல்லை" என்றார். பர்மிட்டுக்கு விசாரிக்கப் போவதாகவும் கூறினார்.

கல்யாண வீட்டாரே, கவனியுங்கள்!

ஊர்வலத்துக்குத் திறந்த கார் பேசும்போது மாலை, ஜோடனை மட்டும் பார்க்காதீர்கள். கதவைத் திறந்து நுனியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், ஆடக் கூடாது. நாலு பேரை ஏற்றி உட்கார வைத்துவிட்டுச் சாத்திப் பாருங்கள். இடி போட்டுச் சாத்தும் கதவை நம்ப வேண்டாம். கதவுச் சந்து மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி இருந்தால் வேறு வண்டி பேசுங்கள். எப்படியானாலும் குழந்தைகளைக் கதவோரம் உட்கார வைக்காதீர்கள்.

நேற்று மாலை வண்டி வெளியே வந்தது. மேஸ்திரி, சொந்தக்காரர், நாம், பட்டறைப் பையன் என்று நாலு பேர் ஏறிக்கொண்டோம். அதே வளைவில் மூன்று தடவை திருப்பினார் டிரைவர். கதவு அசையவில்லை.

முன் சீட்டில் அந்தக் கயிறு இன்னும் கிடந்தது. சொந்தக்காரர் அதைத் தூக்கி எறியப் போனார். மேஸ்திரி தடுத்து, சுருட்டி டிக்கியில் போட்டார்.

"கெடக்கட்டும் முதலாளி. மழை வந்தா தார்ப்பாய் கட்ட ஆகும். வண்டி துருப்பிடிச்சதே நனைஞ்சுதானே!"