பழைய எலெக்ட்ரிக் கிதார் என்ன மரம்? உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம்!

செஞ்சியில் எங்கள் தெருவில் வசிக்கும் அக்கா ஒருவர் சில வாரங்களுக்கு முன் ஒரு எலெக்ட்ரிக் கிதாருடன் வீட்டுக்கு வந்தார். மறைந்த அவருடைய கணவர் மெல்லிசைக் குழுவில் வாசித்தவர். மேல்மலையனூர் திருவிழாக் கச்சேரிகளில் ஒலித்த கிதார் அது. சிங்கப்பூரிலிருந்து 1970-களில் உறவினர் ஒருவர் கொண்டு வந்ததாம். நடுவில் கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டதால் கம்பெனிப் பெயர் போய்விட்டது. வாங்க வந்தவர், "உள்ளே வெறும் பிளைவுட், அஞ்சாயிரம் தர்றேன்" என்று சொல்லியிருக்கிறார்.

"தம்பி, பையன் புதுசா கம்ப்யூட்டர் வாங்கித் தந்திருக்கான். அதுல இது என்ன கட்டைன்னு பார்க்க முடியுமா?" என்று கேட்டார். முடியும். எப்படி என்பதைத்தான் இங்கே விளக்குகிறேன். கிதார் இல்லாதவர்களும் படிக்கலாம். ஸ்கேனர், பிக்சல், பைல் வகை போன்றவற்றைப் புரிந்துகொள்ள இது நல்ல பயிற்சி.

முதலில், நிறத்தை நம்பாதீர்கள். சாயமும் வார்னிஷும் எந்த மரத்தையும் மஹோகனி போலக் காட்டிவிடும். மரத்தின் அடையாளம் அதன் வெட்டு முகத்தில் இருக்கிறது. மரம் உயிரோடு இருந்தபோது நீரை மேலே கொண்டு சென்ற குழாய்கள் அங்கே சிறு துளைகளாகத் தெரியும். இந்தத் துளைகளின் அளவும் அவை அமைந்துள்ள விதமும் மரத்துக்கு மரம் வேறுபடும். எங்கள் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக்குப் போனவர்கள் கல்மரங்களைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் அவை. கல்லாக மாறிய பிறகும் அவற்றின் உள்ளமைப்பு அழியவில்லை. அதை வைத்துத்தான் அவை எந்தக் குடும்பத்து மரங்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கறுப்பு பெயின்ட் எல்லாம் எம்மாத்திரம்!

நேராகக் கிதாரில் கை வைக்க வேண்டாம். தச்சுப் பட்டறையில் ஒரு தேக்குத் துண்டும் ஒரு மாமரத் துண்டும் கேட்டு வாங்குங்கள். வெட்டு முகத்தைப் புதிய பிளேடால் மெல்லியதாகச் சீவிவிட்டு, ஸ்கேனர் கண்ணாடியில் அந்த முகம் படும்படி வையுங்கள். ஸ்கேனர் புரோகிராமில் ரெசல்யூஷன் என்ற இடத்தில் வழக்கமாக 300 டிபிஐ இருக்கும். அதை 1200 ஆக மாற்றுங்கள்.

ஏன் 1200? டிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு. 300 என்றால் ஒரு புள்ளியின் அகலம் சுமார் 0.085 மில்லிமீட்டர். பல மரங்களில் துளையே 0.1 மில்லிமீட்டருக்குக் குறைவுதான். ஒரு துளைக்கு ஒரு புள்ளி கிடைத்தால் கண்ணுக்கு என்ன தெரியும்? 1200-ல் ஒரு புள்ளி 0.021 மில்லிமீட்டர் ஆகிவிடுவதால், அதே துளை நாலைந்து புள்ளிகளாக விரியும். சேமிக்கும்போது ஜேபெக் வேண்டாம், டிஃப் அல்லது பிஎன்ஜி தேர்ந்தெடுங்கள். பைல் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் ஜேபெக் படத்தைச் சுருக்கும்போது சின்னஞ்சிறு புள்ளிகளைத்தான் முதலில் கலங்கடிக்கும்.

படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். தேக்கில் பெரிய துளைகள் வளையம் வளையமாக வரிசை கட்டி நிற்கும். இதை வளையத்துளை மரம் என்பார்கள். மாமரத்தில் துளைகள் எல்லாப் பக்கமும் பரவலாகச் சிதறியிருக்கும். இது பரவல்துளை மரம். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டாலே பாதி வேலை முடிந்தது.

இனி கிதார். இதை ஸ்கேனரில் வைக்க முடியாது. கண்ணாடி உடையும் அபாயம் ஒரு பக்கம். இன்றைய மெல்லிய ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிஐஎஸ் வகை என்பது இன்னொரு பக்கம். கண்ணாடியை விட்டுச் சற்று விலகினாலும் அவற்றில் படம் மங்கிவிடும். எனவே யுஎஸ்பி மைக்ராஸ்கோப் ஒன்றைப் பயன்படுத்தினேன். பெயர்தான் பெரிது, உண்மையில் அது ஒரு வெப்கேம்தான். செருகியதும் விண்டோஸின் கேமரா புரோகிராமிலேயே படம் வந்துவிடும்.

கிதாரில் பெயின்ட் ஏறாத இடங்கள் உண்டு. கழுத்தை நான்கு ஸ்க்ரூ போட்டு மாட்டியிருந்தால், தந்திகளைத் தளர்த்திவிட்டு அதைக் கழற்றலாம். கழுத்து உட்காரும் பள்ளத்தின் முடிவில் உள்ள சுவரில் வெட்டு முகம் தெரியும். உடலின் ரேகை கழுத்தின் திசையிலேயே ஓடுவதுதான் காரணம். ஆம்ப்ளிபயர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, கழற்றும் முன் ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டாம். பழைய கிதார்களில் தயாரித்த தேதியை அங்கே பென்சிலால் எழுதியிருப்பார்கள். சில சமயம் மரத்தை விட அந்தப் பென்சில் எழுத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

அக்காவின் கிதாரில் தேதி எதுவும் இல்லை. ஆனால் ஒன்று உடனே தெரிந்தது. பிளைவுட் என்றால் அந்தச் சுவரில் அடுக்கடுக்காகக் கோடுகள் இருக்க வேண்டும். ஓர் அடுக்கில் ரேகை நீளவாக்கிலும் அடுத்ததில் குறுக்காகவும் போகும். இங்கே அப்படி எதுவும் இல்லை. மேலிருந்து கீழ் வரை ஒரே கட்டை! (பிளைவுட் என்றாலே மட்டம் என்பதும் தவறு. அமெரிக்காவில் 1950-களில் டேன்எலெக்ட்ரோ கம்பெனி ஹார்டுபோர்டில் செய்த கிதார்களை இன்று தேடி வாங்குகிறார்கள்.)

அடுத்து, என்ன மரம்? பெண்டர் கம்பெனி தொடக்கத்தில் ஆஷ் மரத்தை அதிகம் பயன்படுத்தியது. 1956 வாக்கில் ஸ்ட்ராட்டோகாஸ்டர்களில் பெரும்பாலானவை ஆல்டருக்கு மாறின. ஆஷ் வளையத்துளை மரம் என்பதால் பெயின்டுக்கு முன் அந்தத் துளைகளை அடைக்க வேண்டும். ஆல்டரில் துளைகள் நுண்ணியவை, அந்த வேலை மிச்சம். கிப்சனின் 1952 லெஸ் பால், மஹோகனி உடலும் மேப்பிள் மேல்தட்டும் கொண்டது. மஹோகனி பரவல்துளை மரம். துளைகள் பெரியவை, நடுநடுவே வெளிறிய மெல்லிய கோடு ஓடும். நம்மூர் ஈட்டி மரத்துக்கு உறவான ரோஸ்வுட்டில் முழு உடலும் செய்த டெலிகாஸ்டர் ஒன்று ஜார்ஜ் ஹாரிசனுக்குத் தரப்பட்டது. அது அபூர்வம். "ரோஸ்வுட் பாடி" என்று யாராவது விலை சொன்னால் வெட்டு முகத்தைக் காட்டச் சொல்லுங்கள். விரல் பலகை மட்டும்தான் ரோஸ்வுட்டாக இருக்கும்.

அக்காவின் கிதாரில் தெரிந்தது வளையத்துளை. ஆகவே ஆல்டரும் மஹோகனியும் அடிபட்டுப் போயின. மிச்சம் இரண்டு. ஒன்று ஆஷ். மற்றொன்று ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் 1970-களில் நிறையப் பயன்படுத்திய சென் என்ற மரம். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

இங்கேதான் இன்டர்நெட் கைகொடுத்தது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் இன்சைட்வுட் என்ற இலவச மரத் தகவல் தளத்தை வைத்திருக்கிறது. மரங்களின் அடையாளங்களுக்கு அதில் எண் உண்டு. 3 என்றால் வளையத்துளை, 5 என்றால் பரவல்துளை. மரப் பெயர் தெரிந்தால் நேராகவும் தேடலாம். ஆஷுக்குப் பிராக்சினஸ், சென்னுக்குக் கலோபனாக்ஸ் என்ற தாவரவியல் பெயர்களை ஆங்கிலத்தில் டைப் செய்து, இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்தோம். ஆஷில் பெரிய துளைகள் ஒரு வளையத்தில் பல வரிசையாக இருந்தன. சென்னில் பெரும்பாலும் ஒரே வரிசை. அதற்குப் பின் சிறிய துளைகள் அலை அலையாகப் பட்டை போட்டிருந்தன. எங்கள் படத்திலும் ஒற்றை வரிசை, பின்னால் அலை!

துளையின் அளவையும் பார்த்துவிடலாம் என்று இமேஜ்ஜே என்ற இலவச புரோகிராமை டவுன்லோட் செய்தோம். ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தில் 1 மில்லிமீட்டர் தூரத்துக்குக் கோடு இழுத்து, அனலைஸ் மெனுவில் செட் ஸ்கேல் கொடுத்து 1 என்று எழுத வேண்டும். பிறகு எந்தத் துளையின் மேல் கோடு போட்டாலும் மெஷர் கட்டளை அளவைச் சொல்லிவிடும். இதில் அக்கா என்னை விட வேகம்.

போனில் படம் எடுத்தால் மரத்தின் பெயரைச் சொல்லும் ஆப்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. பெயின்ட் அடித்த முகத்தைக் காட்டினால் அவை நிறத்தைப் பார்த்து எதையாவது சொல்லும். வெட்டு முகப் படத்தைக் கம்ப்யூட்டருக்குக் கற்பித்து மரத்தை அடையாளம் காணும் சைலோட்ரான் போன்ற கருவிகள் வேறு ரகம். அதை உருவாக்கியது அமெரிக்க அரசின் மேடிசன் ஆய்வுக்கூடம். எழுத்துப்பூர்வ முடிவு தேவை என்றால் பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அதற்குச் சிறு மரத்துண்டு கொடுக்க வேண்டி வரும். கிதாரைச் செதுக்க அக்காவுக்கு மனம் வரவில்லை, எனக்கும்தான்.

பெரும்பாலும் சென், நிச்சயமாக ஒரே கட்டை, அநேகமாக ஜப்பான். நாங்கள் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். லட்சக்கணக்கில் போகும் சரக்கு அல்ல என்றும் அக்காவிடம் சொல்லிவிட்டேன். டெஸ்க்டாப்பில் "கிதார்" என்று போல்டர் போட்டு எல்லாப் படங்களையும் அதில் வைத்தார். பள்ளத்துச் சுவர் தெரியும் மூன்று படங்களை மட்டும் வாங்க வந்தவருக்கு அவரே இமெயிலில் அனுப்பினார். அவர் அனுப்பிய முதல் அட்டாச்மென்ட் அது. மறுநாள் போன் வந்தபோது அந்த ஆள் பிளைவுட் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்டாராம். பையன் ஊருக்கு வந்ததும் கலந்து பேசிச் சொல்வதாக அக்கா பதில் சொல்லியிருக்கிறார்.