கதம்பத்துக்கும் ஓர் அலைவரிசை

தனியார் பண்பலை நடத்துகிறவர்களின் முதல் பாடம் இது: நேயர் எப்போது திருப்பினாலும் ஒரே மாதிரிச் சத்தம் வர வேண்டும். காலையில் சினிமாப் பாட்டு, மாலையிலும் அதே, நடுவே விளம்பரம். இந்தக் கணக்குப்படி சமுதாய வானொலிகள் தேறவே கூடாது. நாட்டுப்பாடல் முடிந்ததும் காய்கறி விலை, அடுத்து கர்ப்பிணிகளுக்கான உணவு, பிறகு பள்ளிப் பிள்ளைகளின் நாடகம் என்று எல்லாம் கலந்து கிடக்கும். இதை ஒழுங்கின்மை என்பவர்கள் உண்டு. கலப்புதான் அந்த வானொலியின் வேலையே என்பது என் கட்சி. காரணம் கோபுரத்திலேயே இருக்கிறது. இந்திய விதிப்படி பொதுவாக 100 வாட் திறன், 30 மீட்டர் உயரத்தைத் தாண்டாத கோபுரம். ஒலி பத்துப் பதினைந்து கிலோமீட்டரோடு நின்றுவிடும். அவ்வளவு சின்ன வட்டத்தில் இசைப் பிரியர்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் கூட்டம் சேர்க்க முடியுமா? உழவர், தறிக்காரர், பால்காரம்மா, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை எல்லாரும் சேர்ந்தால்தான் அங்கே நேயர் கூட்டம்.

வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் சொன்னது. ஆனால் பொதுமக்கள் கைக்கு அந்தச் சொத்து சுலபமாக வரவில்லை. முதலில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி; 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்எம் தொடங்கியது. 2006 நவம்பரில்தான் தொண்டு நிறுவனங்களுக்குக் கதவு திறந்தது. தெலங்கானாவின் ஜஹீராபாத் பக்கம் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் தலித் பெண்கள் 1998-லேயே யுனெஸ்கோ உதவியுடன் கலையகம் கட்டிவிட்டார்கள். உரிமம்தான் இல்லை. பதிவு செய்த கேசட்டுகளைச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டே காலம் ஓட்டினார்கள். 2008 அக்டோபர் 15-ல் 'சங்கம் ரேடியோ' காற்றில் ஏறியபோது அதில் கேட்டது அவர்கள் வீட்டில் பேசும் தெலுங்கு. விதைப் பாதுகாப்பு, சிறுதானியம், கைவைத்தியம், களைபறிக்கும் பாட்டு என எல்லாம் ஒரே நிலையத்தில் வருவதில் வியப்பில்லை. அந்தப் பெண்களுக்கு விதையும் பாட்டும் தனித்தனித் துறைகள் அல்லவே. பாட்டுக்குள்தான் எந்த விதை எந்த மண்ணுக்கு என்ற கணக்கே இருக்கிறது. நம் பக்கம் பாம்பனில் 2016-ல் தொடங்கிய 'கடல் ஓசை' 90.4-ம் அப்படித்தான். காற்றும் அலையும் எப்படி என்று சொல்லும் அதே குரல், 'சமுத்திரம் பழகு' நிகழ்ச்சியில் கடல் சூடாவதைப் பற்றியும் பேசுகிறது.

இந்த வாதத்துக்குத் திருப்பதியையும் சித்தூரையும் விட நல்ல சோதனைக்களம் கிடைக்காது. 1960-ல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரி, புத்தூர், சத்தியவேடு ஆந்திரத்தில் நின்றன. எல்லைக்கோடு போட்ட பிறகும் சந்தையில் தெலுங்கில் விலை பேசி வீட்டில் தமிழில் கணக்குச் சொல்லும் குடும்பங்கள் அங்கே ஏராளம். திருப்பதி பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்துக்கு ஒரு சமுதாய வானொலி உண்டு. ஆனால் ஒரு வளாக வானொலி மட்டும் இத்தனை ஊர்களுக்கும் எட்டாது. நகரியில் ஒரு நிலையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விசைத்தறிக்காரர்களின் நூல் விலை, தோத்தாபுரி எனும் கிளிமூக்கு மாங்காய்க்குக் கூழ் ஆலைகள் தரும் விலை, எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டுக்கு ஓடுமுன் எப்போது எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும் என்பது, தெருக்கூத்து, வீதி நாடகம். இரண்டு மொழியில், ஒரே மாலையில். தெலுங்கு நிகழ்ச்சி முடியும்வரை தமிழ்க்காரர் காத்திருப்பார். காத்திருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரின் கவலை அவர் காதிலும் விழும். தனித்தனி அலைவரிசை வைத்தால் இது நடக்காது.

இதெல்லாம் செல்போனிலேயே கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது, தேடத் தெரிந்தவருக்கு. தேடாததை யூடியூப் அவ்வளவு சுலபத்தில் காட்டாது. பாட்டுப் பிரியருக்கு மேலும் பாட்டுத்தான் வரும். தறியில் கையும் காலும் ஓடும்போது விரலால் தேடிக்கொண்டிருக்கவும் முடியாது. பணத்துக்கு எங்கே போவது என்பது இதைவிடக் கனமான கேள்வி. மணிக்கு 7 நிமிடமாக இருந்த விளம்பர நேரத்தை 2024-ல் 12 நிமிடமாக உயர்த்தினார்கள். உதவிதான், ஆனால் சிற்றூர்க் கடைக்காரர் தரும் காசில் மின்கட்டணம் கட்டவே திணற வேண்டியிருக்கும். விளம்பரத்துக்காகப் பாட்டுக் கடையாக மாறிய நிலையம் தன் வேலையை இழந்துவிடும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தியோ நடப்பு விவகாரமோ சொல்லக் கூடாது. 2025 ஜூனில் வெளிமாநிலத் தோத்தாபுரி வரக் கூடாதென்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. அந்த அறிவிப்பை வாசிக்கலாம். அது சரியா என்று தோட்டக்காரரையும் லாரிக்காரரையும் கேட்டு ஒலிபரப்பினால் நடப்பு விவகாரம் ஆகிவிடும். நேபாளத்தில் 1997 முதல் ஒலிக்கும் ரேடியோ சகர்மாதா செய்தியும் விவாதமும் தருகிறது, நாடு கவிழ்ந்துவிடவில்லை. இங்கே செய்திக்கான தடை விலகும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். உள்ளூர் மொழிகளிலும் வட்டார வழக்குகளிலும் நிகழ்ச்சி தரச் சொல்கிறதே தவிர, ஒரே மொழிதான் என்று விதி எங்கும் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகள் ஊருக்கு உழைத்த, பதிவு பெற்ற தொண்டு அமைப்பு உரிமம் கேட்கலாம். சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் அமைப்புகள் தெலுங்கு நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு விண்ணப்பம் போடட்டும்.