பலர் பகிரும் ஒரே தடம்: புள்ளியியல் மல்டிபிளெக்ஸர் இயங்கும் முறை

பலருடைய குரலையோ தரவையோ ஒரே தடத்தில் சேர்த்து அனுப்பும் கருவிக்கு மல்டிபிளெக்ஸர் என்று பெயர். அமெரிக்காவில் 1962இல் பயன்பாட்டுக்கு வந்த டி1 தடத்தில் ஒரு நொடிக்கு 8,000 சுற்றுகள் நடக்கும். ஒவ்வொரு சுற்றும் 24 காலத்துண்டுகளாகப் பகுக்கப்பட்டு, துண்டுக்கு ஓர் உரையாடல் என நிலையாக ஒதுக்கப்படும். எந்தத் துண்டு யாருடையது என்பதை அதன் இடமே காட்டிவிடுவதால் முகவரி தேவையில்லை. ஆனால் உரியவர் பேசாமல் இருக்கும்போது அவருடைய துண்டு வெறுமையாகவே செல்லும். காத்திருக்கும் வேறொருவருக்கு அது பயன்படாது.

இந்த வீணடிப்பைத் தவிர்க்கவே புள்ளியியல் மல்டிபிளெக்ஸர் உருவானது. இதில் எவருக்கும் நிலையான ஒதுக்கீடு இல்லை. அனுப்பத் தரவு உள்ளவருக்கே தடம் அந்தக் கணத்தில் கிடைக்கிறது. இடத்தைக் கொண்டு உரியவரை அறிய முடியாமற்போவதால், தரவு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் முன்னும் சேரவேண்டிய முகவரி இணைக்கப்படுகிறது. அந்த முகவரி பிடித்துக்கொள்ளும் சிறிதளவு இடம் இம்முறைக்குக் கொடுக்கும் முதல் விலையாகும்.

இதன் முன்னோடி தொலைபேசித் துறையிலேயே தோன்றியது. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பதால், உரையாடலின் ஒவ்வொரு திசையும் பாதிக்கும் மேற்பட்ட நேரம் மௌனமாகவே இருக்கிறது. ஸ்காட்லாந்தையும் நியூஃபவுண்ட்லாந்தையும் 1956இல் இணைத்த டாட்-1 கடலடிக் கம்பியில், அந்த மௌன இடைவெளிகளைப் பிறர் பேச்சுக்கு மாற்றிவிடும் டாசி என்னும் கருவியை 1960 அளவில் பொருத்தியபோது, புதிய கம்பி போடாமலேயே உரையாடல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ இரு மடங்காக உயர்ந்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் என்ன ஆகும் என்ற ஐயத்துக்கு நிகழ்தகவுக் கணக்கே விடை தருகிறது. பெயரில் உள்ள ‘புள்ளியியல்’ குறிப்பதும் அதனையே. ஒவ்வொருவரும் 40 விழுக்காடு நேரம், பிறரைச் சாராமல் பேசுவதாகக் கொள்வோம். 20 பேர் 10 தடங்களைப் பகிர்ந்தால், ஏறத்தாழ 13 விழுக்காடு நேரம் தடங்கள் போதாமற்போகும். அதே விகிதத்தில் 200 பேர் 100 தடங்களைப் பகிர்ந்தால், அந்தத் தட்டுப்பாடு அரை விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். கூட்டம் பெருகப் பெருக, தனி மனிதர்களின் ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்து மொத்தத் தேவை சீராகிவிடுவதே இதற்குக் காரணம்.

தரவுப் போக்குவரத்தில், தடத்தின் கொள்ளளவை மிஞ்சி வரும் பொட்டலங்கள் இடையகம் எனப்படும் தற்காலிக நினைவகத்தில் வரிசையாகக் காத்திருக்கின்றன. அதுவும் நிறைந்தால் கைவிடப்படுகின்றன. தாமதம் பொறுக்காத குரல், காணொளிப் பொட்டலங்களுக்கு வரிசையில் முன்னுரிமை தரும் ஏற்பாடும் உண்டு. வரிசைக் கோட்பாட்டின் எளிய மாதிரியின்படி, தடம் 50 விழுக்காடு நிறைந்திருக்கும்போது ஒரு பொட்டலம் கடக்க ஆகும் சராசரி நேரம், வெறுந்தடத்தில் ஆவதைப் போல் 2 மடங்கு. 80 விழுக்காட்டில் 5 மடங்கு. 90 விழுக்காட்டில் 10 மடங்கு. 95 விழுக்காட்டில் 20 மடங்கு. தடத்தை முழுவதும் நிரப்ப முயல்வது ஆதாயமன்று, நெரிசலுக்கே வழி என்பதை இவ்வெண்கள் தெளிவாக்குகின்றன.

அனுப்புவோர் கட்டுப்பாடின்றி அனுப்பினால் நேர்வதை 1986 அக்டோபரில் இணையம் கண்டது. கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அருகிலேயே உள்ள பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே நொடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாக வீழ்ந்தது. தொலைந்த பொட்டலங்களைக் கணினிகள் மீண்டும் மீண்டும் அனுப்பி நெரிசலை மேலும் பெருக்கின. பொட்டலம் தொலைவதை நெரிசலின் அடையாளமாகக் கொண்டு அனுப்புபவரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறையை வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்டார். இன்றைய இணையமும் அந்த அடிப்படையின் மீதே இயங்குகிறது.

புள்ளியியல் மல்டிபிளெக்ஸர் புதிய கொள்ளளவு எதையும் படைப்பதில்லை. ஒருவர் பயன்படுத்தாத நொடியை மற்றொருவருக்குக் கொடுக்கிறது, அவ்வளவே. அந்தப் பகிர்வு நிலைக்க, வலையமைப்பை நடத்துவோர் தடத்தில் போதிய இடம் ஒழித்து வைப்பதும், அனுப்புவோர் நெரிசல் கண்டு நிதானிப்பதும் ஒருசேரத் தேவை.