கோடையில் படிக்க வேண்டிய மான் தடம்

வங்கியில் இருந்தவரை, நிலத்தை நேரில் போய்ப் பார்க்காமல் விவசாயக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டதில்லை. ஓய்வுக்குப் பிறகு செங்கம் பக்கம் காப்புக்காட்டை ஒட்டி நாலு ஏக்கர் கொல்லை வாங்கியபோது மட்டும் அந்தப் பழக்கம் எப்படியோ விட்டுப்போச்சு.

முதல் ஆடிப் பட்டத்தில் மல்லாட்டை போட்டேன். முளைத்து நாலு இலை விட்ட சமயம் புள்ளிமான் கூட்டம் இறங்கியது. ரெண்டே ராத்திரியில் அரை ஏக்கர் காலி. தகரம் தட்டினோம், டார்ச் அடித்தோம். தூக்கம் போனதுதான் மிச்சம். "வேலியில கரண்டு குடுத்துடுங்க சார்" என்றார் பக்கத்துக் கொல்லைக்காரர். மானும் சாகும், விடியற்காலையில் அந்தப் பக்கம் போகிற மனுஷனும் சாவான். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி ஜெயிலும் உண்டு. முடியாது என்றேன். ஆனால் மாற்று வழி என்னிடம் இல்லை.

வழி சொன்னவர் ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர். "பயிர் நிக்கும்போது தேடுனா ஓடுற மானத்தான் பாப்பீங்க. கொல்லை சும்மா கிடக்கும்போது தேடுங்க, அது வர்ற வழி தெரியும்" என்றார்.

சித்திரையில் ஒருநாள் காலை இருவரும் வரப்பு வரப்பாகச் சுற்றினோம். புழுதியில் எல்லாம் பதிந்து கிடந்தது. மான் குளம்பு ஒடுங்கி, முன்முனை கூராக இருக்கும். ஆட்டுக் குளம்பு முனை மழுங்கல். பன்றித் தடம் என்றால் ஈர மண்ணில் பின்பக்கம் ரெண்டு சின்னக் குளம்பும் பதியும். கடித்த செடியும் பேசும். மானுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லை. பிய்த்து இழுக்கும், தண்டின் நுனி நார்நாராக நிற்கும். முயல் கடித்தது கத்தியால் சாய்த்து வெட்டினாற்போல இருக்கும். ஆட்டுக்கும் மேலே முன்பல் கிடையாது என்பதால் கடியை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. தடம், புழுக்கை எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தடங்கள் எல்லாம் வடகிழக்கு மூலையில் வேலி தொய்ந்த இடத்தில் நுழைந்து, நேராக ஒரே இடத்துக்குப் போயின. கொல்லை நடுவில் மாட்டுக்காக நான் கட்டிய தண்ணீர்த் தொட்டி! கோடை முழுக்கத் தண்ணீர் காட்டி, வழி பழக்கி, ஆடியில் அதே வழியில் மல்லாட்டையும் போட்டிருக்கிறேன். மானைக் குறை சொல்லி என்ன பயன்?

தொட்டியை அந்த மூலைக்கே மாற்றினேன். தொட்டியைத் தாண்டி உள்பக்கம் வேலியை இழுத்துக் கட்டினேன். வேலி ஓரம் ஆமணக்கு, அடுத்து எள். மல்லாட்டை வீட்டுப் பக்கம், நாய் படுக்கிற இடத்தில். மான் இப்போதும் வருகிறது, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புகிறது. போன ஆடியில் ஓரத்தில் ரெண்டு சால் போனது. அது கட்டுபடியாகிற நஷ்டம்.

காட்டோரம் கொல்லை வைத்திருக்கிற நண்பர்களே, கோடை உழவுக்கு முன்னால் ஒரு காலை ஒதுக்குங்கள். உழுதுவிட்டால் தடம் அழிந்துவிடும். துணைக்கு ஆள் வேண்டும், உங்கள் பட்டா நிலத்தோடு நில்லுங்கள். உதிர்ந்த கொம்பு கிடந்தால் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். பார்த்ததை ஒரு தாளில் வரைந்து வையுங்கள். எந்தப் பயிர் எங்கே என்பதை அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யலாம்.