சுமக்காத அப்பாவுக்குப் பாசம் எப்படி ஊறுகிறது?

காசிமேட்டில் விசைப்படகு கரை சேர்ந்ததும், ஐஸ் வாடையோடு வீட்டுக்குள் நுழைவார் அப்பா. கையைக் கழுவிய ஈரம் காய்வதற்குள் கைக்குழந்தையின் வயிற்றில் மீசையை உரசுவார். குழந்தை கிக்கிக்கென்று சிரிக்கும். பல நாள் கடலில் கிடந்தவருக்கு இந்த ஒட்டுதல் எப்படி வந்தது?

அம்மா கதை நமக்குத் தெரியும். பிரசவத்திலும் பாலூட்டும்போதும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து பிணைப்பை வளர்க்கிறது. அப்பாவுக்கோ பிரசவமும் இல்லை, பாலூட்டலும் இல்லை.

ஆனாலும் அவருக்கும் அதே ஹார்மோன்தான். வழி மட்டும் வேறு.

நம் தெரு அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். சும்மா அடித்தால் வெறும் காற்றுதான் வரும். மேலே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அடியுங்கள், ஆழத்து நீரை இழுத்து வரும். அப்பா தூக்குவதும் விளையாடுவதும்தான் அந்தச் சொம்புத் தண்ணீர். கொஞ்சினால் ஆக்சிடோசின் ஏறுகிறது. ஏறினால் மறுபடி கொஞ்சத் தோன்றுகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. பிலிப்பைன்ஸின் செபுவில் 600-க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2011-இல் வெளியானது. தந்தையானவர்களுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் நன்றாகக் குறைந்திருந்தது. தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளையைக் கவனித்தவர்களுக்கு இன்னும் குறைவு. மீசைக்காரர்கள் பயப்பட வேண்டாம். ஆண்மை எங்கும் போய்விடாது!

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்கார அப்பாக்களே, அந்த இரண்டு மாதமாவது பிள்ளையைக் குளிப்பாட்டும் வேலையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.