செங்கல்பட்டு ஜாகிர்

செங்கல்பட்டு ஜாகிர் என்பது 1763ஆம் ஆண்டு ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கொடுத்த நிலப்பகுதி. சென்னைப் பட்டணத்தைச் சுற்றிக் கடலோரமாக நூறு மைலுக்கு மேல் நீண்டு, உள்நாட்டில் காஞ்சிபுரத்தையும் தாண்டிச் சென்றது. இன்றைய அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, திருமழிசை ஆகிய ஊர்கள் எல்லாம் அதற்குள் அடங்கியவை. ஜாகிர் என்றால், செய்த சேவைக்கு ஈடாக ஒரு நிலத்தின் வரி வருவாயை அனுபவிக்கத் தரும் உரிமை. இங்கே செய்யப்பட்ட சேவை படை உதவி. வணிகம் செய்ய வந்த ஒரு நிறுவனம் உள்நாட்டு வாரிசுச் சண்டையில் படையோடு தலையிட்டது, அதற்குக் கட்டணம் கேட்டது, கட்டணத்துக்கு நிலத்தை வாங்கிக்கொண்டது. தமிழ்நாட்டில் ஐரோப்பிய ஆட்சி வேரூன்றிய விதம் பெரும்பாலும் இதுதான்.

பின்னணி

கும்பினி சென்னைக்கு வந்தது 1639இல். அதற்கு இடம் கொடுத்தவர்கள் தாமல் நாயக்கர் குடும்பத்தினர். அவர்களில் ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்துகொண்டு கடலோரப் பகுதியைக் கவனித்துவந்தார். அடுத்த நூறு ஆண்டுகளில் கும்பினியின் ஆட்சி கோட்டையையும் சுற்றியிருந்த சில கிராமங்களையும் தாண்டிப் பெரிதாக வளரவில்லை.

நிலைமை மாறியது 1749இல். ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். அவர் மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக்கு ஓடினார். எதிராளியான சந்தா சாகிபைப் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் ஆதரித்தார்கள். எனவே சென்னைக் கும்பினி முகமது அலியை ஆதரித்தது. 1751இல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். 1752இல் சந்தா சாகிப் கொல்லப்பட்டார். 1760இல் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. 1761 ஜனவரியில் புதுச்சேரியும் விழுந்தது. முகமது அலி நவாப் ஆனார்.

பள்ளிப் பாடநூல்கள் இதைக் 'கர்நாடகப் போர்கள்' என்று சொல்லி, வென்றவர் தோற்றவர் பட்டியலோடு முடித்துவிடும். போருக்கான செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது என்பதை அவை சொல்வதில்லை. கும்பினி அந்தச் செலவை, புதுச்சேரி முற்றுகைச் செலவு உட்பட, நவாப்பின் பெயரில் பற்று எழுதியது. இரண்டு ஐரோப்பிய நிறுவனங்கள் தங்களுக்குள் நடத்திய போட்டியின் செலவு இவ்வாறு ஆற்காட்டு உழவரின் களத்துக்கு வந்து சேர்ந்தது.

ஜாகிரும் குத்தகையும்

இந்தச் சூழலில்தான் 1763 அக்டோபரில் ஜாகிர் எழுதிக் கொடுக்கப்பட்டது. 1765இல் முகலாயப் பேரரசர் ஷா ஆலமின் ஆணையும் பெறப்பட்டது. ஆனால் கும்பினி உடனே நிர்வாகத்தை ஏற்கவில்லை. அந்த நிலத்தை நவாப்பிடமே குத்தகைக்கு விட்டது. கொடுத்தவர் குத்தகைக்காரர் ஆனார், வாங்கியவர் நிலச்சுவான்தார். வரி வசூலிக்கும் வம்பு நவாப்புக்கு, ஆண்டுதோறும் குத்தகைப் பணம் கும்பினிக்கு. 1780 வரை இந்த ஏற்பாடு நீடித்தது.

இதற்கிடையே தனக்குச் சொந்தமான நிலத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கும்பினி தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரை அனுப்பியது. 1767 முதல் 1774 வரை நடந்த அந்தக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2,000 ஊர்கள் பதிவாயின. ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் ஓலைகளே அதற்கு ஆதாரம். பிற்காலத்தில் தரம்பால் இந்த ஆவணங்களை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். களத்தில் குவித்த நெல்லை அரசும் உழவரும் பங்கிடுவதற்கு முன்பே கோயில், ஏரி, கணக்கர், தலையாரி, வெட்டியான், குயவர், தச்சர், வண்ணார் என்று பலருக்கும் பங்கு ஒதுக்கப்பட்டதை அவை காட்டுகின்றன. மேரை, சுதந்திரம் என்பன அந்தப் பங்குகளின் பெயர்கள். இதற்கு மேல் வரியில்லா மானிய நிலங்களும் உண்டு. அது ஒரு பொற்காலம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மிராசுதாரரின் நிலத்தில் அடிமைநிலையில் உழைத்த பறையர், பள்ளர் குடும்பங்களுக்குக் கிடைத்தது அந்தக் குவியலின் ஓரம்தான். ஆனாலும் ஏரியைத் தூர்வாரவும் கரையைக் காக்கவும் அந்தந்த ஊரிலேயே பணம் தங்கியது. வருவாயை வெளியே இழுக்கும் கை வலுத்தபோது முதலில் நின்றது இந்தப் பராமரிப்பு. செம்பரம்பாக்கம், அம்பத்தூர், கொரட்டூர் என்று ஏரிகளை நம்பியே பயிர் விளைந்த வட்டாரத்தில் அதன் விளைவு சிறியதல்ல.

நவாப்பின் கடன்

ஜாகிர் கொடுத்தும் கணக்குத் தீரவில்லை. கும்பினிப் படைக்கான தவணையை நவாப் தொடர்ந்து கட்ட வேண்டியிருந்தது. கையில் பணம் இல்லாதபோது அவர் கடன் வாங்கினார். கடன் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அதே கும்பினியின் உத்தியோகஸ்தர்கள். வட்டி நூற்றுக்கு 20, சில வேளை அதற்கும் மேல். ஈடாக ஒரு சீமையின் வரும் அறுவடை வரியை நவாப் எழுதிக் கொடுப்பார். கடன்காரரின் ஆட்கள் அறுவடைக் காலத்தில் வந்து வசூலிப்பார்கள். வரி அங்கே போய்விட்டால் படைத் தவணைக்கு மறுபடி பணம் இராது, மறுபடி கடன்.

இங்கே கவனிக்க வேண்டியது, கடன் கொடுத்தவர்களில் சிலரே சென்னைக் கவுன்சிலில் உட்கார்ந்து போரா சமாதானமா என்று முடிவு செய்தார்கள் என்பது. நவாப்பின் எல்லை விரிந்தால் அவர்களுடைய ஈடும் விரியும். தஞ்சாவூர் இதற்குச் சான்று. 1773இல் கும்பினிப் படை தஞ்சையைப் பிடித்து நவாப்பிடம் ஒப்படைத்தது. அரசர் துளஜா சிறைப்பட்டார். இலண்டனில் இருந்த இயக்குநர்கள் இதை ஏற்கவில்லை. அரசரை மீண்டும் அமர்த்தும்படி ஆளுநர் பிகட் பிரபுவுக்கு உத்தரவிட்டார்கள். 1776இல் அவர் அதைச் செய்தார். அப்போது பால் பென்ஃபீல்டு என்ற கும்பினி ஊழியர், தஞ்சை விளைச்சலின் மீது நவாப் தனக்கு இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் எழுதிக் கொடுத்திருப்பதாக உரிமை கோரினார். ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு சம்பளக்காரரிடம் அவ்வளவு பணம் எப்படி வந்தது என்ற கேள்வி அன்றே எழுந்தது. பிகட் கோரிக்கையை ஏற்க மறுத்தார். 1776 ஆகஸ்டு 24 அன்று கவுன்சிலின் பெரும்பான்மையினர் தங்கள் ஆளுநரையே கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் அவர் காவலிலேயே இறந்தார். மேலிருந்து உத்தரவு வந்தும் ஒரு நிறுவனத்தின் உள்ளிருந்த பணநலன் அதை முறியடித்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

பென்ஃபீல்டு பின்னர் இங்கிலாந்தில் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1784இல் பிட் அமைச்சரவை கடன் கோரிக்கைகளைத் தனித்தனியாக விசாரிக்காமலே, கர்நாடக வருவாயிலிருந்து ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் ஒதுக்கித் தீர்க்க உத்தரவிட்டது. இதை எதிர்த்து எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரி 28இல் ஆற்றிய நீண்ட உரை புகழ் பெற்றது. போலிக் கடன்களுக்குத் தமிழ்நாட்டு உழவர் வரி கட்டுகிறார், அந்தப் பணம் இலண்டனில் வாக்குகளாக மாறுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். தீர்மானம் தோற்றது.

போரும் பஞ்சமும்

1780இல் ஐதர் அலி கர்நாடகத்துக்குள் புகுந்தார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. சென்னைக்கு உணவு கிடைக்காமல் செய்வதற்காக ஐதரின் குதிரைப்படை ஜாகிர் ஊர்களை எரித்தது. மக்கள் கோட்டையை நோக்கி ஓடிவந்தார்கள். 1781–82 பஞ்சத்தில் பட்டினிக்காரருக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடமே பிற்கால மணியக்காரர் சத்திரம். பாதுகாப்புக்காகவே கொடுக்கப்பட்ட நிலம் பாதுகாக்கப்படவில்லை.

போருக்குப் பின் ஜாகிரைக் கும்பினி நேரடியாக ஆண்டது. 1794இல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ், மதுராந்தகத்து 'ஏரி காத்த ராமர்' கதையில் வரும் அதே துரை. ஏரிகளைப் பழுதுபார்த்தவர் என்ற நல்ல பெயர் அவருக்கு உண்டு. வரியை உயர்த்தி, பூந்தமல்லி வட்டாரத்து மிராசுதாரர்களோடு மோதியவரும் அவரே.

பிற்காலம்

இந்தக் கதையைப் படிப்பவருக்கு 2003 ஈராக் நினைவுக்கு வரலாம். அமெரிக்கப் படையெடுப்பை ஒட்டி எண்ணெய் வயல்களைச் சீராக்கும் வேலை, போட்டி ஒப்பந்தப்புள்ளி இல்லாமலே ஹாலிபர்ட்டனின் துணை நிறுவனத்துக்குச் சென்றது. அன்றைய துணை அதிபர் டிக் செனி 2000 வரை அந்த ஹாலிபர்ட்டனின் தலைமை நிர்வாகி. ஒப்புமையை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது: அங்கே படை அரசுடையது, ஒப்பந்தம் நிறுவனத்துடையது. சென்னையில் படை, கணக்குப் புத்தகம், தீர்ப்புச் சொல்லும் கவுன்சில் மூன்றும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன.

முகமது அலி 1795இல் இறந்தார். 1801 ஜூலை 31 உடன்படிக்கையால் கர்நாடகம் முழுவதும் கும்பினி வசமாயிற்று. அதன்பின் 1805இல் ஓர் ஆணையம் அமைந்து நவாப்புகளின் பெயரில் இருந்த பிற்காலக் கடன்களை ஆராய்ந்தது. கோரப்பட்ட தொகை 3 கோடி பவுண்டுக்கு மேல். பல ஆண்டு விசாரணைக்குப் பிறகு உண்மையென ஏற்கப்பட்டது 27 லட்சம் பவுண்டுக்கும் குறைவு. 1784இல் விசாரணையின்றித் தீர்க்கப்பட்ட கடன்களுக்கு இப்படி ஒரு சோதனை நடக்கவே இல்லை. 1855இல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்தபோது பட்டம் ஒழிக்கப்பட்டது. சேப்பாக்கம் அரண்மனை கடனுக்காக ஏலத்துக்கு வந்தது. அதை வாங்கியது சென்னை அரசாங்கம்.